மாரிக்கு முன் எலிக்கு வாயிலடைத்தல்

குளிர்தேசங்களில் இலையுதிர்காலம் பிறந்ததும் வெளியிடங்களிற் குளிர் மிகுந்து உணவு குறைய, எலிகளும் சுண்டெலிகளும் வீடுகளையும் தானியச்சாலைகளையும் நாடி வருகின்றன. நம் நாட்டில் அத்தகைய குளிர்காலம் இல்லை. எனினும் ஏறக்குறைய அதே மாதங்களில் அதே இடப்பெயர்ச்சி இங்கும் நிகழ்கின்றது. இங்கு அவற்றை வீட்டை நோக்கித் துரத்துவது மழையாகும். புரட்டாதி கழிந்து வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணர்ந்ததும் வயல்வரம்புகள் நனைந்து வளைகளுள் நீர் புகுகின்றது. கோடை முழுவதும் வயலிலும் பற்றையிலும் பனங்கூடலிலும் வாழ்ந்த எலி மேட்டுநிலத்தைத் தேடுகின்றது. மேட்டுநிலத்தில் இருப்பவை நம் வீடும் மாட்டுக்கொட்டிலும் நெற்களஞ்சியமுமே.

அவ்வேளையில் வீட்டினுள் இருக்கும் பொருள்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரணைமடு போன்ற குளங்களின்கீழ்ச் சிறுபோகஞ் செய்தவர்கள் ஆவணி புரட்டாதியில் அறுத்த நெல்லை அப்பொழுதுதான் மூடைகட்டி அடுக்கியிருப்பர். மழையை நம்பிக் காலபோகம் மாத்திரஞ் செய்யும் யாழ்ப்பாணத்துக் கமக்காரரிடம் சென்ற மாசியில் வீடுவந்த நெல்லின் மீதி இருக்கும். புதுநெல் வரும்வரை வீட்டின் சோறு அதுவே. பிந்தி விதைப்பவரிடம் விதைநெல்லும் உண்டு. இவற்றோடு பனாட்டு, ஒடியல், கொப்பறா, கோழித்தீன், புண்ணாக்கு என மழைக்காலத்துக்கென ஒதுக்கிய பண்டங்களெல்லாம் உள்ளே இருக்கும்போதே எலியும் உள்ளே வருகின்றது.

ஆதலால் எலிபற்றிய வேலை கார்த்திகையிற் கூரைமேல் ஓட்டமுஞ் சத்தமுங் கேட்டபின் தொடங்குவதற்கு உரியதன்று. புரட்டாதியில் நிலம் காய்ந்திருக்கும்போதே அதனைச் செய்து முடித்தல் வேண்டும். அவ்வேலையிற் பெரும்பகுதி ஓட்டைகளை அடைத்தலேயாம்; கொல்லுதல் சிறுபகுதியே. நம் கமக்காரரிற் பலர் இதனை மாறாகக் கொண்டு, ஆண்டுதோறும் நஞ்சுக்குப் பணஞ் செலவிட்டு, ஓட்டைகளைத் திறந்தபடியே விட்டுவிடுகின்றனர். இறந்த எலியின் இடத்துக்கு வயலிலிருந்து மற்றொன்று வருவதற்கு ஒரு மழையிரவு போதும்.

எலி தின்னும் கணக்கு

வீட்டெலி ஒன்று நாளொன்றுக்குத் தன் நிறையிற் பத்திலொரு பங்கு உணவை உட்கொள்ளும். நன்கு வளர்ந்த எலிக்கு இது ஏறக்குறைய 20 கிராம் தானியமாகும். பத்து எலிகள் ஓர் ஆண்டு முழுதும் ஒரு களஞ்சியத்தில் உண்டால் 73 கிலோகிராம், அஃதாவது மூன்றரைப் புசல் நெல் அழியும். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைப்பவர்க்கு அது ஒன்றேமுக்கால் ஏக்கருக்கான விதை. இது தின்றதன் கணக்கு மாத்திரமே. சாக்கைக் கடித்துச் சிந்துவதும், மூத்திரமும் எச்சமும் பட்டுக் கெடுவதும் இதனோடு சேரா. எலியொன்று ஒரு நாளில் நாற்பதுவரை எச்சம் இடும். சுண்டெலி நாளுக்கு மூன்று கிராமளவே உண்ணுமாயினும் எலியைவிடக் கூடுதலாக எச்சமிட்டு, பல மூடைகளிற் சிறிது சிறிதாகக் கடித்துப் பலவற்றையுங் கெடுத்துவிடும்.

பெருக்கத்தையும் நோக்குக. எலியின் கர்ப்பகாலம் 21 முதல் 23 நாள்வரை. ஓர் ஈற்றில் ஐந்து முதற் பத்துக் குட்டிகள் பிறக்கும். ஈன்ற சில நாள்களுக்குள்ளேயே தாய் மீண்டுஞ் சினைப்படக்கூடும். குட்டிகள் மூன்று மாதத்திற்குள் இனம்பெருக்கத் தொடங்கும். ஐப்பசியில் ஒரு சோடி உள்ளே நுழைந்தால், தைப்பொங்கலுக்குப் புதுநெல் வரும்போது அதனை வரவேற்க ஒரு குடும்பமே காத்திருக்கும்.

பரந்தனை அண்டிய ஒரு வீட்டிற் சிறுபோக நெல்லைச் சுவரோடு சேர்த்து அடுக்கியிருந்தனர். முன்வரிசை மூடைகள் முழுமையாகத் தோன்றின. மார்கழியில் ஆலைக்குக் கொண்டுசெல்ல அவற்றை இறக்கியபோது, சுவர்ப்புறத்து அடியடுக்கிற் பாதி உமியாயிருந்தது. எலி நெல்லை உமிநீக்கி அரிசியைத் தின்று உமியை அங்கேயே விடும். சாக்கு வடிவங் குலையாது நிற்கும். அவ்வீட்டார் ஆடியில் எடுத்த கடனை அந்நெல்லை விற்றே தீர்க்க எண்ணியிருந்தனர்.

வருவன எவை

எல்லாவற்றையும் எலி என்று ஒரு பெயரால் அழைப்பதனால் பயனில்லை. ஒவ்வொன்றும் வரும் வழி வேறு.

கூரையில் ஓடுவது பெரும்பாலும் வீட்டெலி. உடல் மெலிந்தது; காது பெரிது; வால் உடலைவிட நீண்டது. மரமேறுவதிற் சமர்த்தன். தென்னோலை, மாங்கொப்பு, முருங்கைக்கொப்பு, மின்கம்பி ஆகியன அதன் தெருக்கள். சுண்டெலி சுவரடியிலும் அலுமாரிக்குப் பின்னும் வாழும். கால் அங்குல இடைவெளி அதற்குப் போதும். வயல்வரம்பிலே வளைதோண்டி நெற்கதிரை அறுத்து வளையுள் சேமிக்கும் அகிழானும், அதனினும் பெரிய பெருச்சாளியும் நிலத்தைக் குடைந்து அத்திவாரத்தின்கீழ் வருவன. வீட்டின் பின்புறத்திற் புதுமண் குவிந்து கிடந்தால் அது இவற்றின் வேலை.

மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததன்று. கூரிய மூக்கும் கடுநாற்றமும் உடைய அது கரப்பானையும் பூச்சிகளையும் தின்பது. நெல்லுக்கு அதனால் நட்டமில்லை. பொறியில் அகப்பட்டாற் சிறுவர் அதனை அடித்துக் கொல்வது வழக்கம். அது வேண்டாத வேலை.

ஓட்டை தேடுதல்

ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குக. கையில் ஒரு பென்சிலும் மின்சூளும் இருந்தாற் போதும். பென்சில் நுழையும் துவாரத்திற் சுண்டெலி நுழையும். பெருவிரல் நுழையும் துவாரத்தில் எலி நுழையும். இதனை நம்பாதவர் பலர். ஆயினும் எலியின் உடல் மிக இளகுந் தன்மையது, தலை புகுந்த இடத்தில் மீதியும் புகுந்துவிடும்.

நிலத்திலிருந்து தொடங்குக. கதவின் கீழுள்ள இடைவெளியே முதலிற் பார்க்க வேண்டியது. மரக்கதவின் அடி மழைநீர் பட்டு உக்கி, மூலைகள் தேய்ந்திருக்கும். முன்கதவைப் பழுதுபார்ப்பவர் அடுக்களைக் கதவைப் பார்ப்பதில்லை. எலியோ அடுக்களைக் கதவையே விரும்புகின்றது. பின்னர் கழுவுநீர் வெளிச்செல்லும் துவாரம், தண்ணீர்க்குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைக்கும் இடங்கள், காற்றுத் துவாரங்கள் ஆகியவற்றைப் பார்க்குக. சுவரோரமாகக் கருமையான எண்ணெய்ப்பிசுக்குப் படிந்திருந்தால் அது எலி நாடோறும் உடலை உரசிச் செல்லும் பாதை. எச்சம் பளபளப்பாகவும் மென்மையாகவும் இருப்பின் அது நேற்றிரவினது. தொட்டவுடன் பொடிந்தாற் பழையது. (கையால் தொட வேண்டாம், ஈர்க்கால் அழுத்திப் பார்க்குக.) ஐயமுள்ள இடத்திற் சிறிது கோதுமைமாவைத் தூவி வைத்தால் விடியலிற் காலடிகள் தெரியும்.

அதன்பின் கூரை. நம் பகுதிகளிற் பெரும்பாலான எலிகள் புகும் வழி நிலத்தில் இல்லை. சுவரின் தலைக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள வெளியே அவ்வழி. பீலியோடு வேய்ந்த வீடுகளில் தாவாரத்தின் ஓரத்தில் ஒவ்வொரு பீலியும் ஒரு வாயில். கட்டியபோது அவ்வாய்களைச் சாந்திட்டு அடைத்திருப்பர். பல மாரிகள் கழிய அச்சாந்து உதிர்ந்துவிடும். ஏணிவைத்து ஏறிப் பார்க்காமல் இதனை அறிய முடியாது. பகலில் வீட்டினுள் விளக்கணைத்து நின்று மேலே நோக்கினால் வெளிச்சம் தெரியும் இடங்களெல்லாம் எலிக்குத் தெரிந்த இடங்களே.

அடைக்கும் முறை

அடைப்பதற்குமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. உள்ளே ஏற்கெனவே எலியிருக்க வாயிலை அடைத்தால், அது உள்ளேயே கடித்துப் புதுவழி செய்யும், அல்லது கூரையுள் இறந்து நாறும். ஆகவே முதலில் வீட்டைச் சுற்றித் துப்புரவு செய்து, அடுத்து ஒரு வாரம் பொறிவைத்து உள்ளிருப்பவற்றைப் பிடித்து, அதன்பின்னரே அடைத்தல் வேண்டும். ஓட்டை உபயோகத்தில் உள்ளதோ என்று அறிய அதனுள் கடுதாசியை அல்லது வைக்கோலை இலேசாகச் செருகி வைக்குக. மூன்று இரவுகள் அது அசையாதிருந்தால் அவ்வழியில் எலியில்லை, அடைக்கலாம். அசைந்திருந்தால் பொறியை அவ்விடத்தில் வைக்குக.

சுற்றாடலைத் துப்புரவு செய்தலென்றால் முற்றத்தைக் கூட்டுதல் மாத்திரமன்று. சுவரோடு சார்த்திய விறகு, பொச்சுமட்டைக் குவியல், ஊமற்குவியல், பழைய ஓடு, கிடுகுக்கட்டு ஆகியன எலிக்கு முதற் தங்குமிடம். அது அங்கே சில நாள் தங்கி, வீட்டின் வழியை நிதானமாக அறிந்து, பின்பே உள்ளே புகும். இவற்றைச் சுவரிலிருந்து விலக்கி, நிலத்திலிருந்து ஓரடி உயரத்திற் கற்களின்மேல் அடுக்குக. வைக்கோற்போரை வீட்டிலிருந்தும் களஞ்சியத்திலிருந்தும் இயன்றவளவு தூரத்தில் வைத்தல் நன்று. கூரைமீது சாயும் கொப்புகளை மூன்றடி இடைவெளி உண்டாகுமாறு வெட்டுக. தென்னைமரத்தை வெட்ட மனம் வராது, வெட்டவும் வேண்டியதில்லை. கூரையைத் தொடும் ஓலையை மாத்திரம் நீக்கி, நிலத்திலிருந்து ஆறடிக்கு மேல் மரத்தைச் சுற்றிப் பதினாறு அங்குல அகலத் தகரப்பட்டை அடித்தால் எலி வழுக்கும். அம்மரத்தின் வட்டு அடுத்த மரத்தின் வட்டோடு ஓலை கோத்திருந்தால் தகரத்தாற் பயனில்லை என்பதையும் அறிக.

ஓட்டையைப் பழந்துணியாலும் சாக்குத்துண்டாலும் அடைப்பது எலிக்கு மெத்தை கொடுப்பதற்கு ஒப்பாகும். களிமண்ணும் தாங்காது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாலன்றி அது வாழ இயலாது. மரம், பிளாஸ்டிக்கு, ஈயக்குழாய், காய்ந்து இறுகாத சீமெந்து என்பவற்றையெல்லாம் அது கடிக்கும். ஆதலால் ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்தினால் அடைத்தல் வேண்டும். சாந்து இடுமுன் கம்பிவலைத் துண்டைக் கசக்கி ஓட்டையுள் இறுக அடைக்குக. சாந்து இறுகும்வரை எலி அதனைத் தோண்டாது தடுப்பது அவ்வலையே. இவ்வொன்றைச் செய்யாததாலேயே பலருடைய சீமெந்துப்பூச்சு மறுநாட் காலை நிலத்திற் கிடக்கின்றது.

காற்றுத் துவாரங்களுக்கும் சுவர்த்தலையிலுள்ள வெளிக்கும் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடிக்குக. அரை அங்குலக் கண் எலியைத் தடுக்கும், சுண்டெலியைத் தடுக்காது. கோழிக்கூட்டுவலை இரண்டையும் தடுக்காது. கதவின் அடியில் உட்புறமும் வெளிப்புறமும் பத்தங்குல அகலத் தகரத்தை அடித்து, நிலத்துக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளியைக் கால் அங்குலத்துக்குக் குறைக்குக. தேய்ந்த வாயிற்படியைச் சீமெந்தினாற் சமப்படுத்தாமற் கதவை மாத்திரந் திருத்துவதால் அவ்விடைவெளி போகாது.

அகிழானும் பெருச்சாளியும் குடையும் இடங்களில் நிலத்தடித் தடுப்பு வேண்டும். சுவரோரமாக இரண்டடி ஆழத்திற் கிடங்கு வெட்டி, அதில் வலையை நிறுத்தி, அதன் அடியை ஓரடி வெளிப்புறமாக மடித்து மண்ணிடுவர். கீழ்நோக்கித் தோண்டி வரும் பிராணி மடிப்பில் முட்டி நின்றுவிடும். செலவுள்ள வேலையாதலால் வீடு முழுவதற்கும் இதனைச் செய்யுமாறு நான் சொல்வதில்லை. நெல் வைக்கும் அறையின் வெளிச்சுவருக்கு மாத்திரஞ் செய்தாற் போதும்.

ஓர் ஒழுங்கையிற் பத்து வீடுகள் இருந்து ஒருவர் மாத்திரம் அடைத்தால், அவர் வீட்டு எலி ஒன்பது வீடுகளுக்குப் பிரிந்து செல்லும். கமக்காரர் அமைப்புகள் ஒரே வாரத்திலே இவ்வேலையை ஊரொழுங்காகச் செய்வித்தல் மிகுந்த பயன் தரும். கம்பிவலையும் சீமெந்தும் சேர்த்து வாங்கினால் விலையுங் குறையும்.

கிடுகு வீட்டில் உள்ளோர்க்கு

மேற்கூறியவை கல்வீட்டுக்கு ஏற்றவை. கிடுகாலோ பனையோலையாலோ வேய்ந்த வீட்டையும் கொட்டிலையும் எலிக்கு அடைப்பது இயலாத காரியம். முயன்று களைப்பதிலும், வீட்டை விட்டுவிட்டு நெல்லை மாத்திரங் காப்பதே அறிவுடைமை.

நம் முன்னோர் செய்ததும் இதுவே. யாழ்ப்பாணத்தில் நெல்லைக் கொம்மறையிலும், கால்களின்மேல் உயர்ந்த கோர்க்காலியிலும் வைத்தனர். சிங்களக் கிராமங்களில் அட்டுவ, பிஸ்ஸ எனப்படும் களஞ்சியங்கள் தூண்களின்மீது நின்றன. ஈரத்துக்கும் கறையானுக்கும் எலிக்கும் ஒருங்கே அஞ்சி உயர்த்தியவை அவை. நெல்லைச் சாக்கிற் கட்டிச் சுவரோடு அடுக்கும் வழக்கம் பின்வந்தது. வண்டியில் ஏற்ற வசதியாயினும் எலிக்கும் அதே வசதி.

இன்று அத்தகைய களஞ்சியத்தைச் சிறு செலவில் அமைக்கலாம். பலகையால் அல்லது தகரத்தால் ஆன பெட்டியை நான்கு அல்லது ஆறு கால்களின்மேல் நிறுத்துக. கால்கள் மூன்றடிக்குக் குறையாதிருத்தல் வேண்டும். எலி நின்ற இடத்திலிருந்து இரண்டரை அடிவரை எழும்பிப் பாயும். ஒவ்வொரு காலின் மேற்பகுதியிலும், பெட்டிக்குச் சற்றுக் கீழே, கவிழ்த்த புனல் வடிவிலான தகரக்கவசத்தைப் பொருத்துக. அதன் விளிம்பு காலிலிருந்து பத்து அங்குலம் வெளியே நீண்டிருக்க வேண்டும். காலுக்கும் கவசத்துக்கும் இடையிற் சிறு வெளியும் இருக்கலாகாது. மரத்தில் ஏறிவரும் எலி தகரத்தின் அடிப்புறத்தைக் கண்டு திரும்பும்.

இவ்வமைப்பைக் கெடுப்பது எலியன்று, ஏணி. நெல் எடுத்தபின் ஏணியைச் சார்த்தியபடியே விடுவர். சிலர் பெட்டியின்கீழ் மண்வெட்டியும் கலப்பையும் சாய்த்து வைப்பர். சிலர் அடியிலே புண்ணாக்குச் சாக்கை அடுக்குவர். ஒரு கயிறு தொங்கினாலும் எலிக்குப் போதும். பெட்டியின் எப்பக்கத்திலும் மூன்றடிக்குள் சுவரோ வேலியோ மரக்கொப்போ இருக்கவுங் கூடாது.

பெட்டி அமைக்க வசதியில்லாதவர் விதைநெல்லையேனும் மூடியுள்ள தகரப்பீப்பாவில் வைத்தல் வேண்டும். நன்கு உலர்த்தி ஆறவைத்தபின்னரே மூடுக. ஈரநெல்லை மூடினால் எலி தின்னாது மிஞ்சியதைப் பூஞ்சணம் தின்னும். மருந்து வந்த பீப்பாவை எவ்வளவு கழுவினாலும் தானியத்துக்குப் பயன்படுத்தலாகாது. சாக்கிலேயே வைக்க வேண்டியவர்கள் மூடைகளை மரச்சட்டத்தின்மேல் ஏற்றி, சுவரிலிருந்து இரண்டடி விலக்கி, சுற்றி நடக்க இடம்விட்டு அடுக்குக. வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள இடத்தில் எலி கூடுகட்டத் தயங்கும். சாக்கின் அடியிற் சிந்திய நெல்லும் கண்ணுக்குத் தெரியும்.

பொறியும் நஞ்சும்

எலி புதுப்பொருளைக் கண்டால் அஞ்சி ஒதுங்கும் இயல்புடையது. ஆதலாற் பொறியை முதல் மூன்று இரவுகள் விசையேற்றாது இரையோடு வைத்து, அது துணிந்து தின்னப் பழகியபின், நான்காம் இரவில் எல்லாப் பொறிகளையும் ஒருங்கே விசையேற்றுக. ஒரு பொறியைப் பத்து இரவு வைப்பதிலும் பத்துப் பொறிகளை ஓரிரவு வைப்பது மேல். அயலாரிடம் இரவல் வாங்கியாவது செய்க. சுண்டெலி இதற்கு மாறானது. புதியதை ஆராய விரும்பி முதலிரவே அகப்படும். பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை சுவர்ப்பக்கம் இருக்குமாறு வைத்தல் வேண்டும். இரைக்குச் சுட்ட தேங்காய்ச்சொட்டும் சுட்ட கருவாடும் சிறந்தவை. கூட்டில் அகப்பட்டதை அடுத்த காணியிற் கொண்டுபோய் விடுபவரை யான் கண்டதுண்டு. அது அயலவர்க்குச் செய்யும் உபகாரமன்று. எலியும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

நஞ்சைக் கடைசி உபாயமாகவே கொள்க. இரத்தம் உறையாமற் செய்யும் நஞ்சுகளை உண்ட எலி மூன்று முதல் ஏழு நாள் கழிந்தே இறக்கும். அதற்குள் அது கூரையிலோ சுவரிடுக்கிலோ புகுந்துவிடும். நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் கூகையும் சாரைப்பாம்பும் கெடும். கூகையின் குரலுக்கு அஞ்சி அதனைச் சாக்குருவி என்று கல்லெறிவோர் உளர். அது இரவுதோறும் எலிகளைப் பிடித்துக் குஞ்சுகளை வளர்ப்பது. கூலி கேளாத காவற்காரன். சாரைப்பாம்பும் அவ்வாறே. பயிருக்கு அடிக்கும் பூச்சிநாசினியைச் சோற்றிற் கலந்து வைக்கும் பழக்கத்தை எவ்வகையிலும் மன்னித்தல் முடியாது. குழந்தை தவழும் வீட்டில் அச்சோறு எலிக்கு மாத்திரமென்று யார் எழுதி வைப்பது? நஞ்சு வைத்தே ஆகவேண்டுமாயின், பதிவுபெற்ற மருந்தை, பூட்டிய இரைப்பெட்டியில், கட்டடத்தின் வெளிப்புறத்தில் வைத்து, இறந்தவற்றை நாடோறும் தேடிப் புதைக்குக. நெல் வைத்திருக்கும் அறையினுள் நஞ்சு வைத்தல் கூடவே கூடாது.

பூனையைப்பற்றிக் கேட்பவர் பலர். அடைத்துத் துப்புரவாக்கிய வீட்டிற் சுண்டெலி மீண்டும் குடியேறாதபடி பூனை ஓரளவு காக்கும். எலி நிறைந்த வீட்டை அது வெறுமையாக்கும் என்று எதிர்பார்த்தல் வேண்டாம்.

எலிக்காய்ச்சல்

மாரியில் எலி வீட்டுக்கு வருதலால் நெல்லினும் அரிய பொருளுக்கும் ஆபத்துண்டு. எலியின் மூத்திரத்தில் வெளிவரும் கிருமி நீரிலும் ஈரமண்ணிலும் உயிர்த்திருந்து, காலிலுள்ள வெடிப்பு, கீறல் வழியாகவும், கண் வாய் வழியாகவும் உடலிற் புகும். நம் நாட்டில் 2008 ஆம் ஆண்டில் எலிக்காய்ச்சல் எனச் சந்தேகிக்கப்பட்டோர் தொகை 7000 ஐக் கடந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2024 ஆம் ஆண்டு டிசம்பரில், பெருவெள்ளத்தின்பின், இந்நோய் பரவி உயிர்களையுங் கொண்டது. வயலிலிறங்குவோரே இதற்கு முதலிற் பலியாகின்றனர்.

கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காற் தசையில் நோவு, கண் சிவத்தல் ஆகியன கண்டால் வீட்டுவைத்தியஞ் செய்து நாளைக் கடத்தாது வைத்தியசாலைக்குச் செல்க. வயலில் வேலை செய்ததையும் வீட்டில் எலி இருப்பதையும் வைத்தியரிடங் கூறுக. கூறாவிடின் அவர் வேறு காய்ச்சல் என எண்ண இடமுண்டு. சிறுநீர் குறைந்தாலோ கண் மஞ்சளித்தாலோ ஒரு மணிநேரமும் தாமதிக்கலாகாது. வயல்வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் கேட்டால், தகுதியானவர்க்கு டொக்சிசைக்கிளின் என்னும் முற்காப்பு மருந்தை இலவசமாகத் தருவர். அதனை அவர்கள் சொல்லும் அளவில் வாரந்தோறும் உண்ணல் வேண்டும்.

களஞ்சியத்தைத் துப்புரவு செய்யும்போது எலியெச்சத்தை உலர்ந்தபடி கூட்டலாகாது. தூசி எழும். வெளிற்றும் நீரைத் தண்ணீரிற் கலந்து தெளித்து ஊறவிட்டு, கையுறையோ பொலித்தீன் பையோ அணிந்து துடைத்தெடுத்துப் புதைக்குக. கிணற்றையும் குடிநீர்ப் பாத்திரத்தையும் மூடிவைக்குக. எலிக்கு நாள்தோறும் நீர் வேண்டும். கிணற்றடியிலே தேங்கிய தண்ணீரும், நாய்க்கு வைத்த கிண்ணமும், இரவில் மிஞ்சிய கோழித்தீனும் அதற்கு விருந்து.

முதல் மழைக்குப் பின்

அடைத்து முடித்தபின், முதற் பெருமழை பெய்த மறுநாள் மாலையில் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். புதிதாகத் தோண்டிய மண், கதவடியில் மரத்தூள், சுவரோரத்திற் சேற்றுக்காலடி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் எலி அவ்விடத்தில் முயல்கின்றது. அன்றே அவ்விடத்திற் பொறி வைக்குக. மாரி முடியும்வரை வாரம் ஒருமுறை இவ்வாறு பார்க்க அரைமணிநேரம் போதும்.

தை மாசியில் வயல் வெட்டப்படும்போது இரண்டாம் முறையும் எலிகள் இடம்பெயரும். அப்போது அவற்றைத் துரத்துவது அரிவாள். புதுநெல்லைக் களஞ்சியத்துள் இடுமுன் பழைய நெல்லை முற்றாக அகற்றி, மூலைமுடுக்குகளைத் துடைத்து, தகரக்கவசங்கள் வளைந்துள்ளனவா, வலை துருப்பிடித்துக் கிழிந்துள்ளதா என்று பார்த்து, ஏணியை எடுத்து மாட்டுக்கொட்டிலில் தொங்கவிடுக.